பகல் ஒன்றரை மணித் தீபம்

1

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் என்னிடம் கேட்பது மூன்றே கேள்விகள்தான். வேலை எப்படிப் போகிறது, அங்கே குளிரா, எப்போது வருகிறாய். பதினேழு வருடமாக முதல் கேள்விக்கு "போவுது" என்றும், இரண்டாவதற்கு "ஆமா" என்றும், மூன்றாவதற்கு "பாக்கலாம்" என்றும் சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன். இன்று மூன்றுக்கும் விவரமாகப் பதில் எழுத நேரம் இருக்கிறது. நெதர்லாந்தில் ஒரு விமான நிலையத்தில், கண்ணாடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கே வெளியே இருட்டிவிட்டது. விமானம் கிளம்ப இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

ஒரு நாற்காலி தள்ளி என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். நடு நாற்காலியில் எங்கள் பைகள். பதினாறு வயதில் அம்மாவுக்கும் தனக்கும் நடுவே ஒரு நாற்காலி விடவேண்டும் என்று எங்கேயோ சட்டம் இருக்கிறது போல. அவள் பெயர் உண்ணாமலை. எங்கள் கோயில் அம்மன் பெயர். இங்கே பள்ளிக்கூடத்தில் அதை 'உன்னா' என்று சுருக்கிவிட்டார்கள். இந்த நாட்டுப் பெண்களுக்கும் அப்படி ஒரு பெயர் இருப்பதால் யாரும் ஏன் எதற்கு என்று கேட்பதில்லை. அவள் அப்பா கண்ணன் எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, காரை நிறுத்திய இடத்தை மறந்து கொஞ்ச நேரம் சுற்றி, கிடைத்ததும் போன் செய்து சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

இன்று புதன்கிழமை. திருவண்ணாமலையில் இன்று தீபம். நாங்கள் நாளை சாயங்காலம்தான் போய்ச் சேருவோம். கல்யாணம் முடிந்து பந்தியும் எடுத்தபிறகு தட்டுத் தாம்பூலத்தோடு வந்து நிற்கிற உறவுக்காரர் மாதிரி. அதற்குக் காரணம் நான்தான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லாமல் வசமாக மாட்டிக்கொண்டேன்.

2

முதலில் வேலை. சாமந்திப் பூ வளர்க்கிற ஒரு பெரிய பசுமைக்குடிலில் இருக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு தெருவே உள்ளே அடங்கும் அளவுக்குக் கண்ணாடிக் கூரை. வந்த புதிதில் பூக்கட்டுகளை உறையில் போட்டேன். இப்போது ஒரு பிரிவுக்கு நான் பொறுப்பு. எந்தப் பாத்தியில் எந்த வாரம் மொட்டு வைக்கவேண்டும் என்று பார்ப்பது என் வேலை. சாமந்திக்கு நீண்ட இருட்டு இருந்தால்தான் பூக்கத் தோன்றும். அதனால் வெயில் காலத்தில் சாயங்காலமே கூரைக்குக் கீழே கறுப்புத் திரையை இழுத்துவிட்டு, ராத்திரி வந்துவிட்டது என்று செடியை ஏமாற்றுவோம். மலைக்குப் பின்பக்கம் இருக்கும் எங்கள் அடி அண்ணாமலையில் அப்பாவும் சாமந்தி போட்டவர்தான். அவர் செடியை ஏமாற்றியதில்லை. அது அவரை இரண்டு மூன்று தடவை நன்றாக ஏமாற்றியிருக்கிறது.

உடன் வேலை செய்பவர்களில் பாதிப் பேர் துருக்கிப் பெண்கள். என் பெயர் செல்வி. அவர்களிடமும் அந்தப் பெயர் உண்டாம். முதல் நாளே என்னைச் சூழ்ந்துகொண்டு அவர்கள் மொழியில் நலம் விசாரித்தார்கள். நான் விழித்ததைப் பார்த்து, பெரிய இடத்துப் பெண் போலிருக்கிறது, பேசமாட்டேன் என்கிறாள் என்று நினைத்துவிட்டார்களாம். பிறகு ஃபாத்மா என்பவள்தான் விஷயம் புரிந்து எனக்கு டச்சு கற்றுக்கொடுத்தாள். அந்த மொழியில் 'நீ'யும் உண்டு, 'நீங்க'வும் உண்டு. எனக்கு வாயில் 'நீங்க'தான் வரும். முதலாளிக்கு நீங்க, அவர் மகனுக்கு நீங்க, பக்கத்து வீட்டு நாய்க்கும் நீங்க. "அது உங்கள் மரியாதையைப் பார்த்துக் குரைப்பதையே விட்டுவிட்டது" என்று அந்த வீட்டுக்காரர் சொன்னார்.

இனி ஒரு ரகசியம். தீபத்தன்று எங்கள் ஊரில் ஆறு மணிக்கு முன்னால் யாரும் வீட்டில் விளக்கு ஏற்றமாட்டார்கள். அகல்களில் எண்ணெய் ஊற்றி, திரி போட்டு, வரிசையாக வைத்துவிட்டு மொட்டைமாடியில் நின்று மலையைப் பார்ப்பார்கள். கிரிவலப் பாதையில் டிபன் கடை வைத்திருக்கும் என் தம்பி ஏழுமலை, கடையின் டியூப்லைட்டைக்கூட அணைத்துவிடுவான். உச்சியில் கொப்பரை பற்றிக்கொண்டதும் ஊர் முழுக்க ஒரே சத்தம், அடுத்த நிமிடம் வீடு வீடாக வெளிச்சம். அந்த ஆறு மணி இங்கே பகல் ஒன்றரை மணி. பசுமைக்குடிலில் தீக்குச்சி உரசினால் வேலை போய்விடும். அதனால் ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்துக்கு சைக்கிள் கொட்டகைக்குப் போய், போனில் ஊரைப் பார்த்துக்கொண்டு, தீபம் தெரிந்ததும் என் சைக்கிளின் முன்விளக்கைப் போடுவேன். பட்டப்பகலில் பத்து நிமிடம் அது எரியும். பிறகு அணைத்துவிட்டு பூப்பறிக்கப் போய்விடுவேன்.

இது ஃபாத்மாவுக்கு மட்டும்தான் தெரியும். உண்ணாமலைக்குப் பதினொரு வயது இருக்கும்போது ஒருமுறை பள்ளி அரை நாளாகி, சொல்லாமல் கொள்ளாமல் கொட்டகைக்கு வந்து நின்றுவிட்டாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கைச் சட்டென்று அணைத்தேன். "ஏன் பகல்ல லைட்டு?" என்றாள். "பேட்டரி டெஸ்ட் பண்றேன்" என்றேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரித்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அவள் சிரித்துவிட்டால் அடுத்த வருடம் எனக்கு அந்த விளக்கைப் போடக் கை வராது.

3

அபூர்வமாகச் சிலர், என்ன படிக்கிறாய் என்று நான்காவதாக ஒன்றும் கேட்பார்கள். நூலகத்திலிருந்து டச்சுக் குழந்தைப் புத்தகங்கள் எடுத்துப் படித்து, முன்னேறி, இப்போது பெரியவர்கள் படிக்கிற நாவல் ஒன்றை எட்டு மாதமாகப் படித்து வருகிறேன். தொண்ணூறாம் பக்கத்தில் இருக்கிறேன். இன்னும் யாரும் சாகவில்லை. மற்றபடி நான் தவறாமல் படிப்பது தினசரிக் காலண்டர் ஒன்றுதான். ஏழுமலை ஒவ்வொரு தை மாதமும் அனுப்பிவைப்பான். காலையில் எழுந்து தாளைக் கிழித்து, திதி, நட்சத்திரம், ராகுகாலம், என் ராசிக்கு எதிரே போட்டிருக்கும் ஒற்றைச் சொல், எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் காபி. 'நன்மை' என்று போட்டிருந்தால் கொஞ்சம் சர்க்கரை ஜாஸ்தி.

இந்த வருடம் காலண்டர் வரவில்லை. சுங்க இலாகாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் பார்சலில் வெள்ளைத் தூள் இருக்கிறது, அது என்ன, எதனால் ஆனது, எதற்குப் பயன்படும் என்று கேட்டிருந்தார்கள். ஏழுமலை காலண்டரோடு கோயில் விபூதியையும் ஒரு பொட்டலம் வைத்திருந்தான். நான் அகராதியைப் பிரித்துவைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி மூன்று கேள்விக்கும் நேர்மையாகப் பதில் எழுதினேன். சாம்பல். பசுஞ்சாணத்தை எரித்துச் செய்தது. நெற்றியில் பூசுவோம், கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொள்வோம்.

பத்து நாளில் பதில் வந்தது. விலங்கிலிருந்து பெறப்பட்ட பொருள், உண்ணும் உபயோகத்துக்கு, சான்றிதழ் இல்லாமல் வந்ததால் பார்சல் முழுவதும் அழிக்கப்பட்டது. கண்ணன் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "உன்ன யாரு வாயில போட்டுக்குவோம்னு எழுத சொன்னது?" என்றார். அவர் போளூர்க்காரர். அடக்கிப் பேசத் தெரிந்தவர். நான் மலையடிவாரத்தில் வளர்ந்தவள், கேட்டால் சொல்லிவிடுவேன். சாம்பலையே எரித்துவிட்டார்கள், அதோடு என் காலண்டரையும்.

4

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் காலண்டர் இல்லாததால்தான் நான் கோட்டை விட்டேன்.

உண்ணாமலை இங்கேயே பிறந்தவள். ஊருக்கு இரண்டு முறை வந்திருக்கிறாள், இரண்டு முறையும் கோடையில். வியர்க்குருவும் மாம்பழமும்தான் அவளுக்குத் தெரிந்த திருவண்ணாமலை. தீபம் பார்த்ததில்லை. இன்னும் ஒன்றரை வருடத்தில் படிப்புக்காக வேறு ஊர் போய்விடுவாள். அதற்குப் பிறகு அவள் லீவுகள் அவளுடையவை. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். "உங்க ஊரு, உங்க மலை" என்று சொல்ல ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. கோபித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்றது. அவள் வீட்டை விட்டுப் போவதற்குள் ஒரே ஒருமுறை, அந்த ஆறு மணிக்கு அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மலையைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேண்டியது அது மட்டும்தான்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளியில் மழை, அவள் நல்ல மனநிலையில் இருந்தாள். கேட்டேன். "சரி" என்றாள். மனம் மாறிவிடப்போகிறதே என்று அந்த நிமிடமே போனை எடுத்துக் கார்த்திகைப் பௌர்ணமி எப்போது என்று பார்த்தேன். வியாழக்கிழமை. புதன் சாயங்காலம் கிளம்பினால் வியாழன் மதியம் சென்னை, ஐந்து மணிக்குள் வீடு. மாற்ற முடியாத வகை டிக்கெட்டைப் போட்டுவிட்டு, வெற்றி வீராங்கனை மாதிரி கண்ணனைப் பார்த்தேன்.

போன மாதம் ஏழுமலை பேசினான்.

"அக்கா, எப்ப வந்து எறங்குற? வண்டி சொல்லிட்றேன். தீபத்துக்கு ஊருக்குள்ள வண்டி விட மாட்டான், செங்கம் ரோட்டாண்டயே நிறுத்திடுவான்."

"வியாழக்கெழம சாயங்காலம் அஞ்சு மணிக்கு அங்க இருப்போம்டா. தீபத்துக்கு கரெக்டா."

பின்னால் கடையில் தோசைக்கல் சீறுவது மட்டும் கேட்டது.

"இன்னாக்கா சொல்ற? தீபம் புதன்கெழம ஆச்சே."

"பௌர்ணமி வியாழன்டா. நான் பாத்துட்டுதான் போட்டேன்."

"பௌர்ணமி வியாழந்தான். தீபம் கிருத்திகைக்குத்தான ஏத்துவாங்க? இந்த வருசம் நட்சத்திரம் மொத நாளே வந்துடுது. மலைக்கு பின்னாடி பொறந்துட்டு இதுகூட மறந்துட்டியா?"

"போன்ல பௌர்ணமின்னு..."

"சாமி நட்சத்திரத்த பாக்குமா, உன் போன பாக்குமா?"

நான் அழுதுவிட்டேன் என்று தெரிந்ததும் அவன் குரல் மாறிவிட்டது. "சரி வுடுக்கா. பதினோரு நாளு எரியும் இல்ல? மறுநாளும் ஏத்துவாங்க. பாப்பாக்கு இன்னா தெரியப்போவுது, மொத நாளா ரெண்டாம் நாளான்னு" என்றான். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் தாங்கவில்லை.

5

டிக்கெட் நிறுவனத்தில் மாற்றமுடியாது என்றால் மாற்றமுடியாது. புதிதாக வேறு டிக்கெட் போடவும் துணிந்துவிட்டேன். செவ்வாய் இரவு கிளம்பினால் போதும். பள்ளிக்கூடம்தான் பாக்கி.

இங்கே பிள்ளையைப் பள்ளி நாளில் நினைத்தபடி ஊருக்கு அழைத்துப் போகமுடியாது. படிவம் உண்டு. மதக் கடமைக்கு என்று தனிப் படிவம், அதில் பண்டிகை எந்தத் தேதி என்று ஒரு கட்டம். நான் ஏற்கெனவே வியாழன் என்று நிரப்பி, வியாழனும் வெள்ளியும் அனுமதி வாங்கியிருந்தேன். இப்போது புதனையும் கேட்கவேண்டும். மாணவியும் உடன் வரவேண்டும் என்று சொன்னதால் உண்ணாமலை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிரே யோக்கா என்கிற ஆசிரியை. விடுப்பு விவகாரங்கள் அவர் பொறுப்பு. நல்ல பெண்மணி, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு மேசையில் தேடுகிறவர்.

"தீபாவளிக்கு ஒருநாள் எடுத்திருக்கிறீர்களே?" என்றார்.

"அது வேறு, இது வேறு."

"இதுவும் விளக்குப் பண்டிகைதானா?"

"ஆமாம்."

"ஒன்றரை மாதத்துக்குள் இரண்டு விளக்குப் பண்டிகையா?"

என் முகம் திருடியுடையது போல ஆகியிருக்க வேண்டும். அவர் முதல் படிவத்தை எடுத்துப் பார்த்தார். "இதில் பண்டிகை வியாழன் என்று இருக்கிறது. இப்போது புதன் என்கிறீர்கள். பண்டிகை நகர்ந்துவிட்டதா?"

பண்டிகை நகரவில்லை அம்மா, நான்தான் நகர்ந்துவிட்டேன் என்று சொல்ல நினைத்தேன். டச்சு கைகொடுக்கவில்லை. நிலா, நட்சத்திரம், மாட்டுச் சாணம், காலண்டர் என்று நான் உளறியதில் யோக்காவின் பேனா பாதியில் நின்றது.

அப்போது உண்ணாமலை ஒரு வெற்றுத்தாளை இழுத்துக்கொண்டு மலை ஒன்று வரைந்தாள். அடிவாரத்தில் நான்கு கோபுரம். மலைக்குப் பின்பக்கம் ஒரு பெட்டி. "இது என் மாமாவின் கடை" என்றாள். இந்த விழா நிலாவை வைத்து இல்லை, வானத்தில் கொத்தாக இருக்கும் ஆறு நட்சத்திரங்களை வைத்து, பல வருடம் இரண்டும் ஒன்றாக வரும், இந்த வருடம் வரவில்லை, அம்மா அங்கே தவறிவிட்டார் என்றாள். உச்சியில் ஆள் உயரக் கொப்பரை, அதில் நெய், திரிக்கு மூட்டை மூட்டையாகத் துணி, எல்லாவற்றையும் தோளில் சுமந்துகொண்டு ஏறுவார்கள் என்றாள். பாடம் ஒப்பிக்கிற குரல் இல்லை. தன் வகுப்பில் நடந்ததைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். நான் அவளிடம் இதையெல்லாம் உட்கார்ந்து சொன்னதில்லை.

"ஆறு மணிக்கு என்ன செய்வீர்கள்?" யோக்கா கேட்டார். இப்போது அதிகாரியாக இல்லை, கதை கேட்கிறவராகக் கேட்டார்.

"அதுவரைக்கும் ஊரில் யாரும் விளக்கு ஏற்றமாட்டார்கள். மலையில் தெரிந்த பிறகுதான் ஏற்றுவார்கள். தூரத்தில் இருக்கிறவர்களும் அந்த நேரத்துக்குத்தான்."

"தூரத்தில் என்றால்?"

அவள் தாளிலிருந்து நிமிரவில்லை. "யாராக இருந்தாலும்" என்றாள்.

யோக்கா இரண்டு தடவை கணினியைப் பார்த்தார். புதன்கிழமை காலை வேதியியல் தேர்வு. இறுதி மதிப்பெண்ணில் சேரும் தேர்வு, உடம்பு சரியில்லை என்றால் மட்டுமே மறுதேர்வு. "உடம்பு சரியில்லை என்று நீங்கள் சொன்னால் நான் நம்பியிருப்பேன். ஆனால் நீங்கள் இவ்வளவையும் என்னிடம் சொல்லிவிட்டீர்களே" என்றார், உண்மையான வருத்தத்தோடு. புதனுக்கு அனுமதி இல்லை. சாம்பலில் ஆரம்பித்த என் நேர்மை இங்கேயும் வந்து நின்றது. மலைப் படத்தை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. 'இணைப்பு' என்று எழுதிப் படிவத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

6

அன்று இரண்டு பேரும் சைக்கிளில் வீடு திரும்பினோம். இந்த ஊரில் மேடு என்றால் பாலம் ஒன்றுதான். வந்த புதிதில் வழி தெரியாமல் நான் தவித்தது அதனால்தான். எங்கள் ஊரில் மலைப்பக்கம் போ, மலைக்கு இந்தாண்ட வா என்றால் முடிந்தது. இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆகாயம்.

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"மாமா" என்றாள். பாலத்தில் என்னை முந்திக்கொண்டு போய்விட்டாள்.

ஏழுமலையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உனுக்கு தெரியாதா? வாரத்துக்கு ரெண்டு வாட்டி போன் பண்ணுது. ஜூன் மாசத்துல இருந்து. தமிழு கொஞ்சம் அப்பிடி இப்பிடிதான் இருக்கும், நானும் மெதுவா பேசுவேன். மலைய காட்டு மாமான்னும், காட்டுவேன். உங்கிட்ட சொல்ல வேணாம்னு சொல்லிச்சு" என்றான். சொல்லவேண்டாம் என்றதை இப்படிப் போட்டு உடைக்கிறவன்தான் என் தம்பி. ஜூன் மாதத்திலிருந்து பேசுகிறாளே, தேதி தப்பு என்று உங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லையா என்று கேட்டேன். "நீ போட்டா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சோம்" என்றான்.

எனக்கு மகிழ்ச்சியாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. என்னிடம் கேட்டிருக்கலாமே. பிறகு நானே சொல்லிக்கொண்டேன், நீதான் பேட்டரி டெஸ்ட் என்று சொன்னவள்.

பயணத் திட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் நான்கு நாள். நாளை இரண்டாம் நாள் தீபம், முடிந்தால் பௌர்ணமிக் கூட்டத்தோடு கிரிவலம். வெள்ளி காலை வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ். அப்பா பெயரில் இருக்கும் நிலத்தைத் தம்பி பெயருக்கு மாற்ற என் கையெழுத்து வேண்டும். "வரும்போதே போட்டாதான் உண்டு, இல்லாட்டி அடுத்த தபா நீ வர்றதுக்குள்ள ஆபீசரு ரிடையரு ஆயிடுவாரு" என்கிறான் ஏழுமலை. சனிக்கிழமை என் மகளுடையது. ரமணாசிரமம் பக்கம் ஒரு காபிக் கடையில் இலவங்கப்பட்டை போட்ட ரொட்டி நன்றாக இருக்குமாம், போனில் பார்த்திருக்கிறாள். அங்கே போய்ப் பார்த்தால் நான்கு டச்சுக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், நான் அவர்களையும் 'நீங்க' என்பேன். ஞாயிறு ராத்திரி விமானம். திங்கள் அவள் நேராகப் பள்ளிக்கூடம்.

நான்கு நாளுக்கு இவ்வளவு தூரமா என்று கண்ணன் கேட்டார். தீபத்தையும் தவறவிட்டுவிட்டு என்று சேர்த்துச் சொல்லவில்லை. அதுவே பெரிய தாட்சண்யம்.

7

இன்று நடந்தது இது. காலையில் பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு அரை நாள் வேலைக்குப் போனேன். உண்ணாமலை வேதியியல் தேர்வுக்குப் போனாள். போகும்போது "ஆல் தி பெஸ்ட்" என்றேன், தலையை மட்டும் ஆட்டினாள். தீபத்தைப் பற்றி நான் எதுவும் பேசவில்லை. பேசினால் அழுதிருப்பேன், தேர்வுக்குப் போகிற பிள்ளைமுன் அழக்கூடாது.

ஒன்றேகாலுக்குக் கொட்டகைக்குப் போனேன். ஃபாத்மாவும் வந்தாள். அவளுக்குக் குளிர் ஆகாது, இருந்தாலும் வருடா வருடம் வந்து நிற்பாள். ஏழுமலை வீடியோவில் வந்தான். மொட்டைமாடி இருட்டு. கைப்பிடிச்சுவர் மேல் வரிசையாக ஏற்றாத அகல்கள். தம்பி மனைவி சுமதி தீப்பெட்டியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். கீழே பாதையில் ஆயிரம் பேர் நிற்கிற சத்தம், ஆனால் யாரும் பேசுகிற மாதிரி இல்லை.

"தெரியுதாக்கா? கேமராவ மலைக்கு நேரா புடிச்சிருக்கேன்."

"ஒண்ணும் தெரியலடா. கறுப்பா இருக்கு."

"கறுப்பாத்தான் இருக்கும், இன்னும் ஏத்தல. இரு."

அந்த நேரம் பார்த்துப் படம் உறைந்துவிட்டது. நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. இத்தனை வருடத்தில் ஒருதடவைகூட இந்த நிமிடத்தில் அது சுற்றாமல் இருந்ததில்லை. படம் வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஊரே சேர்ந்து போட்ட சத்தம், என் கையளவு போனிலிருந்து கொட்டகை முழுக்கக் கேட்டது. நான் சைக்கிள் விளக்கைப் போட்டேன். ஃபாத்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வட்டம் நின்றபோது, கறுப்புத் திரையின் உச்சியில் அரிசி அளவுக்கு ஒரு மஞ்சள் தெரிந்தது. சுமதி குனிந்து முதல் அகலை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

உண்ணாமலை இங்கே இல்லையே என்று எனக்குப் பொங்கிவந்தது. அதற்காகத்தானே இத்தனையும். பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தவேண்டும் என்று கிளம்பி, அவளைத் தேர்வுக்கும் என்னைக் கொட்டகைக்குமாகப் பிரித்து வைத்துவிட்டேன்.

அப்போது போன் ஒருமுறை அதிர்ந்தது. உண்ணாமலையிடமிருந்து ஒரு புகைப்படம்.

பள்ளிக்கூடத்து சைக்கிள் நிறுத்துமிடம். நூறு நூற்றைம்பது சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்கின்றன. சாம்பல் நிறப் பகல். அத்தனையிலும் ஒன்றில் மட்டும் முன்விளக்கு எரிகிறது. அந்த நீலக் கைப்பிடியை நான்தான் கடையில் தேர்ந்தெடுத்தேன்.

படத்துக்குக் கீழே ஒரு வரி.

"பேட்டரி டெஸ்ட் பண்றேன் மா."

எனக்கு எழுத்து தெரியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "என்ன ஆச்சு?" என்று ஃபாத்மா கேட்டாள். போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. படத்தைப் பார்த்தாள், என் சைக்கிளைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

ஒரே ஒரு வார்த்தை தட்டினேன்.

"எரியுதா?"

"எரியுது மா."